முதல் சம்பளத்துக்கு முந்தைய ஐம்பது நாள்கள்: டெல்டா மாவட்டக் கல்லூரி முதல்வர்களுக்கு ஒரு திறந்த மடல்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் உள்ள கலை, அறிவியல் கல்லூரிகளின் முதல்வர்களுக்கும், வேலைவாய்ப்புப் பிரிவைக் கவனித்துவரும் பேராசிரியர்களுக்கும் பணிவான வணக்கம்.

நான் 1986 முதல் 2023 வரை ஒரு வங்கியில் எழுத்தராகவும் பிறகு அலுவலராகவும் பணியாற்றி ஓய்வுபெற்றவள். அந்த முப்பத்தேழு ஆண்டுகளில் பெரும்பகுதி மன்னார்குடி, நீடாமங்கலம், திருத்துறைப்பூண்டி, கும்பகோணம் ஆகிய ஊர்களின் கிளைகளிலேயே கழிந்தது. ஓய்வுக்குப் பிறகு, சனிக்கிழமை தோறும் மாலையில் எங்கள் ஊர் நூலகத்தில் அமர்ந்து, கல்லூரி மாணவ மாணவியருக்கு விண்ணப்பங்கள் நிரப்பவும் கணக்குப் புத்தகத்தைப் படித்துப் புரிந்துகொள்ளவும் உதவி வருகிறேன். உங்களுக்கு எதையும் கற்பிக்கும் தகுதி எனக்கு இருப்பதாகக் கருதி இதை எழுதவில்லை. வங்கியின் கவுண்டருக்குப் பின்னால் இருந்தவளுக்குத் தெரியும் சில விவரங்கள், வகுப்பறையில் கரும்பலகைக்கு முன்னால் நிற்பவர்களுக்குத் தெரியாமலே போய்விடுகின்றன. அவற்றை உங்கள் முன் வைப்பது என் கடமை என்று நினைக்கிறேன்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். மாணவரின் சேமிப்பையும் வேலைக்கான ஆயத்தத்தையும் நம் கல்லூரிகள் வெவ்வேறு காரியங்களாக வைத்திருக்கின்றன. முன்னது அவரவர் குடும்பத்தின் பாடு என்றும், பின்னது மூன்றாம் ஆண்டின் கடைசிப் பருவத்தில் பார்த்துக்கொள்ள வேண்டியது என்றும் ஒதுக்கிவிடுகிறோம். டெல்டாவின் முதல் தலைமுறைப் பட்டதாரியைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே. கையில் பதினைந்தாயிரம், இருபதாயிரம் ரூபாய் இல்லாத காரணத்தாலேயே கிடைத்த வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பும் பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள்.

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருக்கும் ஒரு பெண், வணிகவியலில் முதல் வகுப்பில் தேறியவள். அவளுக்குச் சென்னை கிண்டிப் பக்கம் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை கிடைத்தது. பணி ஆணை வந்த அன்று அவளுடைய அம்மா சர்க்கரையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அதே வாரத்தில், பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் எழுதிய ஒரு கணக்கோடு மறுபடியும் வந்தார். பெண்கள் விடுதிக்கு முன்பணம் 6,000, முதல் மாத வாடகையும் சாப்பாடும் 6,500, மருத்துவச் சான்றுக்கு 800, இரண்டு சுடிதாருக்கும் செருப்புக்கும் 1,800, பயணத்துக்கு 400. கூட்டினால் 15,500. ஓரத்தில், நகரப் பேருந்துக்குத் தினமும் எவ்வளவு ஆகும் என்று தெரியாமல் வெறும் கேள்விக்குறி ஒன்றைப் போட்டிருந்தார். மகளிர் குழுக் கடனில் ஒரு பகுதியும் கைமாற்றாக ஒரு பகுதியும் புரட்டி, மன்னை விரைவு வண்டியில் மகளை ஏற்றி அனுப்பினார்கள்.

அந்தக் கணக்கில் ஒரு பெரிய தொகை விடுபட்டிருந்தது எனக்கும் அப்போது உறைக்கவில்லை. அவள் வேலையில் சேர்ந்தது மாதத்தின் பத்தாம் தேதி. அந்த நிறுவனம் அம்மாதச் சம்பளப் பட்டியலை அதற்கு முன்பே முடித்துவிட்டதால், அவளுடைய முதல் சம்பளம் அடுத்த மாதக் கடைசியில்தான் வரும் என்றார்கள். இது பல நிறுவனங்களில் உள்ள நடைமுறை. அவர்கள் மேல் குறை சொல்ல முடியாது. ஆனால் அதன் விளைவாக முதல் சம்பளத்துக்கு முன் ஐம்பது நாள்கள் வந்துவிட்டன. இரண்டாவது மாத விடுதிப் பணம் 6,500 அந்த ஐம்பது நாள்களுக்குள் விழுந்தது. ஊரிலோ வாரத் தவணைக்குக் குழுத் தலைவி வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். அந்தப் பெண் இருபத்தெட்டாம் நாள் ஊர் திரும்பிவிட்டாள். கணக்குப் பாடத்திலோ டேலி என்ற கணக்கு மென்பொருளிலோ ஆங்கிலத்திலோ அவள் தோற்கவில்லை. இருபத்திரண்டாயிரத்துச் சொச்சத்தில் ஏழாயிரம் ரூபாய் குறைந்தது, அவ்வளவுதான் காரணம்.

இந்தப் பணம் ஏன் டெல்டாக் குடும்பங்களில் மட்டும் கைக்கு எட்டாமல் போகிறது என்று கேட்டால், அதற்கு இந்த மண்ணின் பண ஓட்டத்தைப் பார்க்க வேண்டும். மாதச் சம்பளக் குடும்பத்துக்கு வருடத்தில் பன்னிரண்டு முறை பணம் வருகிறது. சம்பா ஒரு போகம் மட்டும் விளையும் கடைமடைக் குடும்பத்துக்கு, தை மாசியில் நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு, அந்தப் பணம் வங்கிக் கணக்கில் ஏறும்போது ஒரு முறைதான் வருகிறது. மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்து குறுவையும் கைகொடுத்தால் புரட்டாசியில் இன்னொரு முறை. அதுவும் கோட்டூர், திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் பக்கம் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. நிலமில்லாத கூலிக் குடும்பங்களின் நிலை இதைவிடக் கடினம். நடவுக்கும் அறுப்புக்கும் இயந்திரம் வந்த பிறகு அவர்களுடைய கூலி நாள்கள் விரல்விட்டு எண்ணும்படி ஆகிவிட்டன.

இப்போது உங்கள் கல்லூரி நாள்காட்டியை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நவம்பர் பருவத் தேர்வுக்கான கட்டணம் செலுத்தும் நாள் பெரும்பாலும் புரட்டாசிக் கடைசியிலோ ஐப்பசியிலோ வருகிறது. அந்த நாள்களில்தான் சம்பா நடவு முடிந்து, களை எடுப்புக்கும் மேலுரத்துக்கும் வீட்டில் இருந்ததெல்லாம் வயலில் போயிருக்கும். அதே ஐப்பசியில் தீபாவளியும் வரும். அடைமழை பிடித்துக்கொண்டால் கூலி வேலையும் நின்றுவிடும். வருடத்தில் டெல்டாக் குடும்பத்தின் கை மிகவும் வறண்டிருக்கும் மாதம் எதுவோ, அதே மாதத்தில் கல்லூரி கட்டணம் கேட்கிறது. இது யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. பல்கலைக்கழகத்தின் நாள்காட்டி இந்த மண்ணின் பருவத்தைப் பார்த்து எழுதப்படவில்லை, அவ்வளவே.

1981-ஆம் ஆண்டு ஐப்பசியில் நானும் இதே இடத்தில் நின்றவள். தேர்வுக் கட்டணம் கட்ட அபராதத்தோடு கூடிய கடைசி நாள் காலையில், என் அம்மா பரணிலிருந்து பித்தளை அண்டாவை இறக்கிப் புளி போட்டு விளக்கினார். அழுக்கோடு கொண்டுபோனால் அடகுக்கடைக்காரர் மதிப்பைக் குறைத்துவிடுவார் என்று அவருக்குத் தெரியும். ஈரத்தோடு அதை ஒரு கோணியில் சுற்றி மிதிவண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு அப்பா முன்னால் போக, நான் பின்னால் நடந்தேன். அன்று பிற்பகல் அலுவலகச் சன்னலில் நீட்டிய பணத்தை எண்ணிய எழுத்தர், இரண்டு ரூபாய் குறைகிறது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். வகுப்புத் தோழி ஒருத்தியின் டிபன் பாக்ஸிலிருந்து அந்த இரண்டு ரூபாய் வந்தது. அண்டாவை நாங்கள் மீட்கவே இல்லை. இன்றைக்கும் ஐப்பசி மாதத்தில் ஒரு மாணவி என் எதிரில் வந்து தலைகுனிந்து உட்கார்ந்தால், அவள் வாய் திறப்பதற்கு முன்பே அவள் எதற்கு வந்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரிந்துவிடுகிறது.

ஆனால் 1981-இல் எங்களுக்கு இல்லாத ஒன்று இன்றைய மாணவர்களுக்கு இருக்கிறது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்த பெண்களுக்கு 2022 செப்டம்பர் 5 முதல் புதுமைப் பெண் திட்டத்திலும், ஆண்களுக்கு 2024 ஆகஸ்ட் 9 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் நேராக அவரவர் வங்கிக் கணக்கில் வருகிறது. புதுமைப் பெண் திட்டத்தின் முழுப் பெயர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் உயர்கல்வி உறுதித் திட்டம். முன்பு அம்மையார் பெயரில் இருந்தது ஏழைப் பெண்களின் திருமணத்துக்கான உதவித் திட்டம். அதையே உயர்கல்விக்கு மாற்றினார்கள். மூவலூர் மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர். நம் மண்ணின் மகள் பெயரில் வரும் பணத்தை நம் பிள்ளைகள் எப்படிக் கையாள்கிறார்கள் என்பதில் எனக்குக் கூடுதலான அக்கறை இருப்பதை மறைக்க விரும்பவில்லை. மூன்றாண்டுப் படிப்பில் முப்பத்தாறு மாதமும் தடையின்றி வந்தால் அது 36,000 ரூபாய். மேலே சொன்ன பெண்ணின் ஐம்பது நாள் செலவைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல்.

அந்த ஆயிரம் எப்படிப் போகிறது என்பதை ஒரு கணக்குப் புத்தகத்தில் வரி வரியாகப் பார்த்தேன், மாணவியின் அனுமதியோடுதான். பணம் ஏறிய மறுநாளே 500 ஏடிஎம்மில் எடுக்கப்பட்டிருந்தது. பிறகு கைப்பேசி ரீசார்ஜ் ஏறத்தாழ 300. அதன் பிறகு 20, 35, 15, 40 என்று ஜிபே வழியாகப் போன சில்லறைகள், தேநீர், நகல், பானிபூரி, தோழியின் பிறந்தநாள். ஒன்றுகூட வீண் செலவென்று சொல்லிவிட முடியாது. பத்தொன்பது வயதுப் பெண் தோழியின் பிறந்தநாளுக்கு 40 ரூபாய் போடக் கூடாது என்று எந்த நெஞ்சோடு சொல்வது? ஆனால் இருபத்தெட்டு நாள் ரீசார்ஜ் என்பது வருடத்துக்குப் பன்னிரண்டு முறையன்று, பதின்மூன்று முறை என்பதை நான் சொன்னபோது அவள் நிமிர்ந்து பார்த்தாள். அதே புத்தகத்தில் இரண்டு இடங்களில் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று வங்கி பிடித்தம் செய்திருந்தது. உதவித்தொகை வாங்கும் மாணவிக்கு, குறைந்தபட்ச இருப்பே தேவைப்படாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கு உண்டு என்பதையும், எழுதிக் கேட்டால் அப்படி மாற்றித் தர வேண்டும் என்பதையும் அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

சேமிக்க வேண்டும் என்று கூட்டம் போட்டுச் சொல்வதால் சேமிப்பு நடப்பதில்லை. பணம் ஏறிய நாளே ஒரு பகுதி கண்ணில் படாத இடத்துக்குப் போய்விட வேண்டும். அதற்கு எளிய வழி தொடர் வைப்பு, நம் ஊரில் ஆர்.டி. என்று எல்லாருக்கும் தெரிந்தது. அஞ்சலகத்தில் மாதம் 100 ரூபாயிலிருந்தே தொடங்கலாம். 2023 அக்டோபர் முதல் அதற்கு வட்டி 6.7 விழுக்காடு. மாதம் 500 வீதம் அறுபது மாதம் கட்டினால் 35,680 ரூபாயை ஒட்டிக் கிடைக்கும். ஆனால் இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. அஞ்சலகத் தொடர் வைப்பு ஐந்தாண்டுக்கானது. பட்டப் படிப்போ மூன்றாண்டு. மூன்றாண்டு கழித்து இடையில் முடித்துக்கொள்ளலாம் என்றாலும், அப்போது அஞ்சலகச் சேமிப்புக் கணக்கின் வட்டிதான், அதாவது 4 விழுக்காடுதான் தருவார்கள். எனவே படிப்பு முடிந்ததும் வெளியூர் போக நினைக்கும் மாணவருக்கு, வங்கியில் முப்பத்தாறு மாதம் என்று தொடக்கத்திலேயே காலம் குறித்துப் போடும் தொடர் வைப்பு பொருத்தம். வட்டி 6.5 விழுக்காடாக இருந்தால் மாதம் 500 வீதம் கட்டிய 18,000 ரூபாய் மூன்றாண்டு முடிவில் 19,900 ரூபாய் ஆகும். உள்ளூரிலேயே இருந்து போட்டித் தேர்வு எழுதப் போகிறவருக்கு அஞ்சலகமே நல்லது. பன்னிரண்டு தவணை கட்டிய பிறகு கட்டியதில் பாதியைக் கடனாகப் பெறும் வசதியும் அதில் உண்டு. மீதி 500-இல் 200 ரூபாயைத் தேர்வுக் கட்டணத்துக்கென்று தனியாக வைத்தால் ஐப்பசி வந்தாலும் அண்டாவை இறக்க வேண்டியிருக்காது.

ஒரு எச்சரிக்கையையும் சேர்க்க வேண்டும். எந்தச் சேமிப்பையும் கல்லூரி கட்டாயமாக்கக் கூடாது. பணம் மாணவரின் பெயரிலேயே, அவர் கையிலேயே இருக்க வேண்டும். துறைத் தலைவரோ வகுப்புத் தலைவரோ பணத்தை வசூலித்து வைத்திருக்கும் ஏற்பாடு எவ்வளவு நல்ல எண்ணத்தில் தொடங்கினாலும் வேண்டாம். பதிவு செய்யாத சீட்டுகளிலும், மாதம் பத்து விழுக்காடு தருவதாகச் சொல்லும் நிதி நிறுவனங்களிலும் ஏமாந்த குடும்பங்கள் நம் பகுதியில் ஏராளம். வங்கித் தொழிலை நன்கறிந்த மண் நம்முடையது என்பதால் இது இன்னும் வருத்தம் தருகிறது. இன்று சிட்டி யூனியன் வங்கி என்று அறியப்படுவது 1904-இல் கும்பகோணம் வங்கி என்ற பெயரில் அந்த ஊரில் தொடங்கப்பட்டதுதான். வங்கி வைப்புக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு; நிதி நிறுவனத்துத் துண்டுச் சீட்டுக்கு எந்தக் காப்பீடும் இல்லை என்ற ஒரே செய்தியை முதலாம் ஆண்டு மாணவர் ஒவ்வொருவரும் வீட்டுக்குக் கொண்டுபோனாலே பெரிய காரியம்.

இதைவிடப் புதிய ஆபத்து ஒன்றைப் பற்றி உங்களிடம் அழுத்திச் சொல்லியாக வேண்டும். மாணவர்களின் வங்கிக் கணக்கை வாடகைக்குக் கேட்டு வருகிறார்கள். “உன் கணக்கில் ஒரு தொகை வரும், அதை எடுத்துக் கொடுத்தால் உனக்கு இரண்டாயிரம்” என்பார்கள். ஏடிஎம் அட்டையையும் சிம் அட்டையையும் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அந்தக் கணக்கில் வருவது இணையவழி மோசடியில் எங்கோ ஒருவர் இழந்த பணம். அவர் 1930 என்ற எண்ணுக்குப் புகார் கொடுத்ததும் கணக்கு முடக்கப்படுகிறது. பின்னாலேயே காவல்துறையின் அழைப்பும் வருகிறது. அந்த மாணவருக்கு வரவேண்டிய மாதம் 1,000 ரூபாயும் முடங்கிய கணக்கிலேயே மாட்டிக்கொள்கிறது. என்னிடம் அப்படி வந்த பையன் ஒருவன், தான் செய்தது குற்றம் என்பதே தெரியாமல், “மேடம், நான் யாரையும் ஏமாத்தலியே” என்று அழுதான். உங்கள் முதல் நாள் வரவேற்பு நிகழ்ச்சியில் ராகிங் பற்றி எச்சரிப்பதைப் போல இதையும் எச்சரிக்க வேண்டும். வேலை தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்பவர்களையும், பதிவு பெறாத முகவர் வழியாகத் தென்கிழக்கு ஆசிய நாடுகளுக்குத் தட்டச்சு வேலை என்று அழைப்பவர்களையும் அதே மூச்சில் சொல்லிவிடலாம். இணையவழிக் குற்றக் கும்பல்களிடம் மாட்டி மீட்கப்பட்டவர்களில் தமிழ் இளைஞர்கள் இருக்கிறார்கள்.

வேலைக்கான ஆயத்தம் பற்றி வருகிறேன். நம் மாணவர்கள் வேலை செய்யாதவர்கள் என்ற எண்ணத்தோடுதான் பல வழிகாட்டி நிகழ்ச்சிகள் தொடங்குகின்றன. முகூர்த்த நாளுக்கு மறுநாள் காலை வகுப்பில் தூங்கும் பையன்களைக் கேட்டுப் பாருங்கள். முந்தைய நாள் மாலை நான்கு மணிக்குத் தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ ஒரு மண்டபத்துக்குப் போய், இலை போட்டு, வரவேற்பில் முந்நூறு பேருக்குப் பரிமாறி, இரவு ஒரு மணிக்குப் படுத்து, விடியற்காலை முகூர்த்தச் சிற்றுண்டிக்கு எழுந்தவர்கள் அவர்கள். பெண்கள் சனி ஞாயிறுகளில் நடவுக்கும் களை எடுப்புக்கும் போகிறார்கள். தீபாவளிக்கு முந்தைய மாதத்தில் ஜவுளிக்கடைகளில் நிற்கிறார்கள். ஒரு பந்தியில் யாருக்கு எது இன்னும் வரவில்லை என்பதை இலையைப் பார்த்தே அறியும் பையனுக்கு, நேர்முகத் தேர்வில் தன்னைப் பற்றிச் சொல்லச் சொன்னால் பேச்சு வருவதில்லை; தான் செய்தது வேலை அனுபவம் என்று அவனிடம் யாரும் சொன்னதில்லை. எந்த மாதம், எங்கே, என்ன பொறுப்பு, எவ்வளவு கூலி என்பதை ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். அதே நோட்டுதான் மூன்றாம் ஆண்டில் அவனுடைய தன்விவரக் குறிப்பாக மாறும். முதலில் தமிழிலேயே பேசிப் பழகட்டும். சொல்ல விஷயம் இருக்கிறது என்ற தெம்பு வந்த பிறகு ஆங்கிலம் வர அதிக நாள் ஆகாது என்பதை என் சனிக்கிழமை மாலைகளில் பலமுறை கண்டிருக்கிறேன்.

அடுத்தது பெயர். கேட்பதற்குச் சிறியதாகத் தோன்றும். வங்கியில் இருந்தவளுக்கு இதுதான் மிகப் பெரிய தலைவலி. மதிப்பெண் சான்றிதழில் ஒரு முதலெழுத்து, ஆதாரில் அப்பாவின் முழுப் பெயர், வங்கிக் கணக்கில் வேறு எழுத்துக்கூட்டல் என்று மூன்று பெயர்களோடு ஒரே பிள்ளை கல்லூரிக்கு வருகிறது. வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் வருங்கால வைப்பு நிதிக்கான எண்ணை ஆதாரோடு இணைக்கும்போது இது இடிக்கிறது. அதற்குள் மாணவர் ஓசூரிலோ திருப்பூரிலோ இருப்பார், திருத்தம் செய்ய விடுப்பு கிடைக்காது. முதலாம் ஆண்டின் முதல் மாதத்தில் ஒரே ஒரு பிற்பகலை ஒதுக்கி, மூன்று ஆவணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடச் செய்தால் இது தீர்ந்துவிடும். சாதி, வருமானம், முதல் பட்டதாரிச் சான்றுகளையும் அப்போதே பார்த்துவிடலாம். தமிழ்வழியில் படித்ததற்கான சான்றையும் மறக்க வேண்டாம். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் 2010-ஆம் ஆண்டுச் சட்டம் 2020-இல் திருத்தப்பட்ட பிறகு, ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் தனித்தனியாகச் சான்று வேண்டும். தேர்வில் தேறிய பிறகு, ஒன்றாம் வகுப்புப் படித்த பள்ளியைத் தேடி ஓடும் பிள்ளைகளைப் பார்த்தால் மனம் பதறுகிறது.

உதவித்தொகைப் புதுப்பித்தலின் கடைசி நாளையும் இதே கவனத்தோடு பார்க்க வேண்டும். கும்பகோணம் வங்கி தொடங்கிய அதே 1904-இல்தான் கணித மேதை சீனிவாச ராமானுஜன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்து, ஆங்கிலப் பாடத்தில் தேறாததால் அதை இழந்தார். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தராகச் சேரும் வரை அவர் பட்ட பாடு எல்லாரும் அறிந்தது. இன்று நம் பிள்ளைகள் பாடத்தில் தோற்றுக்கூட அதை இழப்பதில்லை. இணையத்தில் ஒரு பெட்டியை நிரப்பாமல் விட்டதற்காக இழக்கிறார்கள்.

எந்த வேலைக்கு ஆயத்தம் செய்வது என்பதிலும் மண்ணைப் பார்க்க வேண்டும். 2020-இல் டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவிக்கப்பட்டது. அதை நான் முழு மனதோடு வரவேற்கிறவள். பெரிய ஆலைகள் இங்கே வரப்போவதில்லை என்பதால் நம் மாணவர்களில் ஒரு பகுதியினர் வெளியூர் போகத்தான் வேண்டும்; அவர்களுக்கு ஐம்பது நாள் பணம் வேண்டும். ஆனால் உள்ளூரிலேயே உள்ள வேலைகளை நம் வேலைவாய்ப்புப் பிரிவுகள் கண்டுகொள்வதில்லை என்பது என் வருத்தம். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களில் உதவியாளர் பணிக்குக் கூட்டுறவு மேலாண்மைப் பட்டயம் வேண்டும் என்பது அறிவிப்பு வந்த பிறகுதான் மாணவர்களுக்குத் தெரியவருகிறது. அதற்குள் காலம் கடந்துவிடும். நெல் கொள்முதல் நிலையங்களில் பருவகாலப் பட்டியல் எழுத்தர் பணி இருக்கிறது. தஞ்சாவூரில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் உணவுப் பதப்படுத்தலில் குறுகிய காலப் பயிற்சிகள் தருகிறது. நெல்லும் தென்னையும் வாழையும் விளையும் ஊரில் வேதியியலும் நுண்ணுயிரியலும் படிக்கும் பிள்ளைகளை ஒரு முறையாவது அங்கே அழைத்துச் செல்லக் கூடாதா?

குரூப் 4 தேர்வைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. 200 வினாக்களில் 100 தமிழ் என்பதும், தமிழில் 40 விழுக்காடு எடுக்காவிட்டால் மற்றப் பகுதி மதிப்பிடப்படாது என்பதும் உங்களுக்குத் தெரியும். தட்டச்சைப் பற்றி மட்டும் ஒரு சொல். தட்டச்சர் பணிக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சுத் தேர்ச்சி வேண்டும்; அந்தத் தேர்வு பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கிறது. முதலாம் ஆண்டில் தொடங்கினால் பட்டம் வாங்குமுன் இரண்டு மொழியிலும் முடித்துவிடலாம். மன்னார்குடியிலும் திருவாரூரிலும் இன்றும் மாலை ஐந்து மணிக்குப் பயிலகங்களிலிருந்து அந்தச் சத்தம் தெருவுக்குக் கேட்கிறது. ஆனால் ஐந்து மணிக்குத் தட்டச்சுக்குப் போகும் பெண்ணுக்கு ஊருக்குப் போகும் கடைசி நகரப் பேருந்து ஐந்தே முக்காலுக்கு. 2021 மே முதல் பெண்களுக்கு அந்தப் பேருந்தில் கட்டணமில்லை. ஆனால் அதை விட்டுவிட்டால் தனியார் பேருந்துக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் கொடுக்கும் பணம் ஒரு மாதச் சேமிப்பைத் தின்றுவிடும். கல்லூரியின் முதல்வர் ஒருவர் போக்குவரத்துக் கழகப் பணிமனை மேலாளருக்கு எழுதும் கடிதத்துக்கு இருக்கும் மதிப்பு, பத்து மாணவிகள் கையெழுத்திட்ட மனுவுக்கு இல்லை என்பதை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

ஆகவே உங்களிடம் நான் வேண்டுவது இவைதான். கல்வியாண்டு தொடங்கும் வாரத்திலேயே, அந்த ஆண்டில் மாணவர் கட்ட வேண்டிய ஒவ்வொரு தொகையையும், தேர்வுக் கட்டணம், பதிவேடு, சுற்றுலா, துறை விழா எதுவாக இருந்தாலும், நாளோடு ஒரே தாளில் அச்சிட்டுக் கையில் கொடுங்கள். எப்போது எவ்வளவு என்று தெரியாத செலவுக்கு யாராலும் சேமிக்க முடியாது. ஐப்பசியில் விழும் கட்டணத்தைக் கல்லூரி அளவில் இரண்டு தவணையாகவோ, முன்னாள் மாணவர் சங்க நிதியிலிருந்து தற்காலிகமாகக் கட்டித் தைக்குப் பிறகு திரும்பப் பெறும் வகையிலோ ஏற்பாடு செய்ய முடியுமா என்று உங்கள் ஆட்சிக் குழுவில் ஒரு முறை வையுங்கள். அஞ்சலக அலுவலரையும் வங்கிக் கிளை மேலாளரையும் முதல் மாதத்தில் ஒரு நாள் வளாகத்துக்கு அழையுங்கள். அவர்கள் வருவார்கள், அவர்களுக்கும் புதுக் கணக்கு இலக்கு உண்டு. அரசின் ‘நான் முதல்வன்’ திறன் பயிற்சித் திட்ட வகுப்புகளை மதிப்பெண்ணுக்கான இன்னொரு தாளாக முடித்துவிடாமல், பாடம் எடுப்பவருக்கு உரிய நேரத்தையும் கணினி அறையையும் ஒதுக்குங்கள். வேலை கிடைத்து வெளியூர் போகும் மாணவருக்கு, ஐம்பது நாள் கணக்கைப் பணி ஆணையோடு சேர்த்து உட்கார வைத்துப் போட்டுக் கொடுங்கள். சேரும் தேதிக்கு எந்த மாதச் சம்பளம் வரும் என்று நிறுவனத்திடம் கேட்டுச் சொல்லுங்கள். அந்த ஒரு கேள்வியை அன்று நான் கேட்டிருந்தால் அந்தப் பெண் இன்று கிண்டியில் இருந்திருப்பாள்.

அவள் இப்போது தஞ்சாவூரில் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் மாதம் 7,000 ரூபாய்க்கு வேலை செய்கிறாள். சம்பளம் வந்ததும் முதலில் 1,500 ரூபாயைத் தொடர் வைப்பில் போடுகிறாள். அடுத்த வைகாசியில் மறுபடியும் சென்னைக்கு முயற்சி செய்யப் போவதாகச் சொல்கிறாள். அவளும் என்னோடு சனிக்கிழமை மாலையில் வந்து உட்காருகிறாள்.

எங்களிடம் தொடர் வைப்பு விண்ணப்பங்களும், மூன்று ஆவணங்களை ஒப்பிடும் ஒரு பக்கத் தாளும், ஐம்பது நாள் செலவுப் படிவமும் தயாராக இருக்கின்றன. எந்தக் கல்லூரி அழைத்தாலும், எந்தக் கட்டணமும் இன்றி, எங்கள் சொந்தச் செலவில் வந்து ஒரு பிற்பகல் முழுவதும் முதலாம் ஆண்டு மாணவர்களோடு அமர ஆயத்தமாக இருக்கிறோம். புரட்டாசி பிறப்பதற்குள் அழைத்தால் இந்த ஆண்டுத் தேர்வுக் கட்டணத்துக்கே உதவும்.

மிக்க மரியாதையுடன்,
ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவர்,
நீடாமங்கலம் வட்டம், திருவாரூர் மாவட்டம்.